ஒரே கீயை மூன்று இடத்தில் போட்டதால் போன ₹75,000

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணி இருக்கும். வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது, கார்டில் ₹11,800 பிடித்தாகிவிட்டது என்று. மாதம் முழுக்க ஓடினாலும் ஐந்நூறு, அறுநூறு ரூபாயைத் தாண்டாத மேப் சேவையின் பில் அது. ஏதோ வருடச் சந்தாவைச் சேர்த்துப் பிடித்திருப்பார்கள் என்று நினைத்துச் சாப்பிட்டு முடித்தேன். கால் மணி நேரத்தில் இன்னொரு எஸ்எம்எஸ், இந்த முறை ஓடிபியோடு. அப்போதுதான் லேப்டாப்பைத் திறந்தேன். பில்லிங் பக்கத்தில் ₹1,42,000 என்று நின்றது. சிறிது நேரம் கழித்துப் பக்கத்தை மறுபடி ஏற்றிப் பார்த்தால் இன்னும் ஏறியிருந்தது. கை நடுங்கியது. பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் தனியாக உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். கூப்பிட்டு யோசனை கேட்க அலுவலகம் கிடையாது, மூத்தவர் யாரும் கிடையாது. அன்றைக்கு என்னவெல்லாம் செய்திருக்க வேண்டும் என்பதையும், அதற்கு ஆறு மாதம் முன்பே என்ன செய்திருந்தால் இது வந்திருக்காது என்பதையும் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல ஊரில் இருந்துகொண்டு ஆப் செய்து கொடுக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறோம்.

வேலை இதுதான். களக்காடு பக்கம் ஒரு வாழைத்தார் மண்டிக்கு 14 வண்டிகள். வயலில் தார் ஏற்றும் இடத்திலிருந்து மண்டிக்கு எவ்வளவு தூரம், மண்டியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு எவ்வளவு, பணகுடி, நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரத்துக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வாடகையைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று துண்டுகள் செய்திருந்தேன்: மண்டி அலுவலகத்தில் பார்க்க ஒரு வெப்சைட், டிரைவர்கள் கையில் ஒரு ஆண்ட்ராய்டு ஆப், பின்னால் தூரக் கணக்குப் போட ஒரு சர்வர். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஏபிஐ கீ, அதாவது மேப் சேவையை என் கணக்கில் கூப்பிட அனுமதிக்கும் ஒரு நீண்ட எழுத்துக்கோவை. வேர் அங்கேதான் இருந்தது.

ஏன் என்று விளக்குகிறேன், இதைப் பலர் கவனிப்பதில்லை. கூகுள் மேப்ஸ் கீ உருவாக்கும்போது அந்தக் கீயை எங்கிருந்து பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்த நான்கு வகை கொடுப்பார்கள்: வெப்சைட், ஐபி முகவரி (இணையத்தில் ஒரு கணினியின் எண் முகவரி), ஆண்ட்ராய்டு ஆப், ஐஓஎஸ் ஆப். ஒரு கீக்கு இதில் ஒரு வகையைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். வெப்சைட் என்று பூட்டினால் அதே கீ ஆண்ட்ராய்டு ஆப்பில் வேலை செய்யாது. ஐபி என்று பூட்டினால் வெப்சைட்டில் மேப் வராது. ஆகவே ஒரே கீயை மூன்று இடத்தில் போட்டவனுக்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி, கட்டுப்பாடு எதுவும் வேண்டாம் என்று விட்டுவிடுவது. நானும் அப்படித்தான் விட்டேன். "முதலில் ஓடட்டும், பிறகு பூட்டிக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். ஓடிக்கொண்டிருப்பதைப் பூட்டப் போனால் ஏதாவது ஒன்று நின்றுவிடும் என்ற பயத்தில் அந்தப் "பிறகு" ஆறு மாதம் வரவே இல்லை. தாமிரபரணித் தண்ணீர் கன்னடியன் கால்வாயில் வருகிறது என்றால், எந்த மடை எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கும். மடையே வைக்காமல் கரையை வெட்டிவிட்டு, தண்ணீர் நம் வயலுக்கு மட்டும் பாயும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு, எனக்கு உதவிக்கு வரும் கல்லூரி மாணவன் ஒருவன் என் புரோகிராம் கோடைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். புது ரெப்போ, அதாவது கோடை இணையத்தில் வைக்கும் பெட்டகம், திறந்து அதில் புஷ் செய்தேன், அதாவது ஏற்றினேன். பிரைவேட் என்று நினைத்தேன், பப்ளிக்காக இருந்தது. அதற்குள் கான்ஃபிக் ஃபைலில் அந்தக் கீ அப்படியே கிடந்தது. பொது ரெப்போக்களில் புதிதாக வரும் கமிட்களை (சேமித்த மாற்றங்களை) இரவு பகலாகத் துழாவுவதற்கென்றே பாட்கள், அதாவது தானாக ஓடும் புரோகிராம்கள், உண்டு. சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். கூகுள் கீ எப்போதும் ஒரே மாதிரி நான்கு எழுத்துகளில் தொடங்கும், நீளமும் 39 எழுத்துகள்தான். தேடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சனிக்கிழமை விடிவதற்குள் என் கீயை யாரோ ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். மண்டியின் சாதாரண நாளில் மேப் சேவைக்கு அறுநூறு அழைப்பு (கோரிக்கை) போகும். அந்த ஒன்றரை நாளில் ஏறத்தாழ நான்கு லட்சம் போயிருந்தது.

பட்ஜெட் அலர்ட் வைத்திருந்தேன், மாதம் ₹5,000 என்று. 50 சதவீதம், 90 சதவீதம், 100 சதவீதம், மூன்றுக்கும் மெயில் வந்திருக்கிறது. ப்ராஜெக்டுக்காகத் தனியாகத் திறந்த மெயில் கணக்குக்கு வந்திருக்கிறது, அந்தக் கணக்கு என் போனில் இல்லை. இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. பட்ஜெட் என்பது தகவல் மட்டுமே, செலவை நிறுத்தாது. ₹5,000 பட்ஜெட் என்று எழுதிவிட்டால் அதற்குமேல் போகாது என்று நம்புகிறவர்களை நான் இன்றும் சந்திக்கிறேன். போகும், எவ்வளவு வேண்டுமானாலும் போகும். அதோடு பில்லிங் கணக்கு உடனுக்குடன் வருவதில்லை, பல மணி நேரம் பின்தங்கித்தான் வரும். மெயில் வரும் நேரத்தில் உண்மையான செலவு அதைத் தாண்டி வெகு தூரம் போயிருக்கும். அலர்ட் கட்டாயம் வையுங்கள், ஆனால் தினமும் பார்க்கிற மெயிலுக்கும் இன்னொருவர் மெயிலுக்கும் சேர்த்து வையுங்கள்.

இனி அந்த மதியம் நான் செய்த தவறுகள். பதற்றத்தில் முதலில் ரெப்போவுக்குப் போய்க் கீயை அழித்து, புது கமிட் போட்டேன். பிறகு ரெப்போவைப் பிரைவேட்டாக மாற்றினேன். நாற்பது நிமிடம் இதில் போனது, பில் ஏறிக்கொண்டே இருந்தது. கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவியான கிட்டில் ஒரு ஃபைலைத் திருத்தினால் பழைய கமிட்டில் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். ரெப்போவையே அழித்தாலும், எடுத்துக்கொண்டு போனவனிடம் கீ இருக்கத்தான் செய்யும். கீ வெளியே போய்விட்டது என்றால் முதல் வேலை கீயைச் சாகடிப்பது. பழைய கமிட்களின் வரலாற்றைக் கிட் ஃபில்டர் ரெப்போ போன்ற கருவியால் சுத்தம் செய்வதெல்லாம் பிறகு, ஆற அமரச் செய்யலாம். செத்த கீ வரலாற்றில் கிடந்தால் பாதகமில்லை.

அடுத்த தவறு, யாரிடமும் சொல்லாமல் கீயை அழித்தது. மூன்றும் ஒரே கீ என்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றன. ஐந்து நிமிடத்தில் மண்டி அண்ணாச்சி போனில் வந்துவிட்டார். "தம்பி, டிரைவர் பயலுவ எல்லாம் போன் போடுதானுவ. மேப்பு ஒண்ணும் தெரியலங்கானுவ. என்னாச்சி?" நான்கு வண்டி அப்போது சுமையோடு மலைப்பாதையில் இருந்தது. பணம் ஓடிக்கொண்டிருக்கும்போது கீயை வெட்டியது சரிதான், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் ஒரு போன் செய்திருந்தால், டிரைவர்களுக்கு வழியை வாயால் சொல்லிவிட்டிருப்பார்கள். கீயைத் தவறுதலாக அழித்துவிடுவோமோ என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: கூகுள் கிளவுடில் அழித்த கீயை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். சந்தேகம் வந்தால் வெட்டிவிட்டு யோசிக்கலாம்.

கீ செத்த பிறகும் தொகை ஏறியதுதான் அன்றைய பெரிய வேதனை. திங்கள் காலை ₹1,80,000, செவ்வாய் காலை ₹2,06,000 என்று வந்து நின்றது. ஏற்கெனவே போன அழைப்புகளின் கணக்கு தாமதமாக வந்து சேர்கிறது என்பது தெரியாமல், இன்னும் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று பயந்து ஒரு இரவு முழுக்கத் தூங்கவில்லை. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் பில் தொகையைப் பார்க்காதீர்கள். எந்தக் கீயில் எத்தனை அழைப்பு என்று காட்டும் வரைபடத்தைப் பாருங்கள், அது சில நிமிடத் தாமதத்தில் உண்மையைச் சொல்லிவிடும். அதில் கோடு பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் ஓட்டை அடைபட்டது. இன்னொரு விஷயம், ₹15,000-க்கு மேல் கார்டில் தானாகப் பிடிக்க ஓடிபி வேண்டும் என்பது 2022 ஜூனில் இருந்து ரிசர்வ் வங்கி வைத்த வரம்பு. அந்த இரண்டாவது எஸ்எம்எஸ்ஸுக்கு நான் ஓடிபி கொடுக்கவில்லை, பணமும் பிடிபடவில்லை. அதனால் கடன் தீர்ந்தது என்று அர்த்தமில்லை. பாக்கி அப்படியே நிற்கும், கட்டாவிட்டால் கணக்கையே நிறுத்துவார்கள். கார்டைப் பூட்டிவிட்டு ஒளிந்துகொள்வதைவிட நாமே முன்னால் போய்ப் பேசுவது நல்லது.

சப்போர்ட்டுக்கு எழுதும்போது அழுது எழுதாதீர்கள், ஆதாரத்தோடு எழுதுங்கள். கீ வெளியே போன கமிட்டின் நேரம், முதல் அந்நிய அழைப்பு தெரிந்த நேரம், கீயை அழித்த நேரம், முந்தைய மூன்று மாதப் பில், அந்த ஒன்றரை நாளின் வரைபடம், இனி வராமல் இருக்க நீங்கள் எடுத்த நடவடிக்கைகள், எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு ஒரே மெயிலில் வைத்தேன். நேரம் எழுதும்போது இந்திய நேரமா, வேறு நேரமா என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கேள்விக்கு மேல் கேள்வி வரும். இரண்டு வாரத்துக்கு மேல் மெயில் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் இந்த ஒரு முறை மட்டும் என்று சொல்லி ₹1,31,000 குறைத்தார்கள். தவறு முழுக்க என்னுடையது என்பதால் அதற்கு நன்றியுடையவன். குறைக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது, குறைப்பார்கள் என்று யாரும் நம்பி இருக்கவும் கூடாது. மீதி ₹75,000 என் கையிலிருந்து போனது. மூன்று வார வேலையும் போனது, அந்த மாதம் ஒப்புக்கொண்ட இன்னொரு வேலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறேன். இடத்துக்கு ஒரு கீ. வெப்சைட்டுக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று, சர்வருக்கு ஒன்று, என் லேப்டாப்பில் சோதித்துப் பார்க்க ஒன்று. பெயர் வைக்கும்போதே 'மண்டி வெப்', 'டிரைவர் ஆப்', 'சர்வர்' என்று இடத்தின் பெயரை வைப்பேன். தானாக வரும் 'ஏபிஐ கீ 1', 'ஏபிஐ கீ 2' என்ற பெயரோடு விட்டால் அவசரத்தில் எதை வெட்டுவது என்று தெரியாது. கீ உருவானதும் அதைக் காப்பி செய்வதற்கு முன்பே கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பூட்டிவிடுவேன். இந்த வரிசை முக்கியம். முதலில் காப்பி செய்து கோடில் ஒட்டிவிட்டால், வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆர்வத்தில் பூட்டுவது நின்றுவிடும். பூட்டியது நடைமுறைக்கு வர ஐந்து நிமிடம் வரை ஆகலாம். உடனே சோதித்துவிட்டு "தப்பாகப் போட்டுவிட்டோம்" என்று மாற்றி மாற்றிக் குழப்பிக்கொள்ள வேண்டாம், ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

வெப்சைட் கீயில் உங்கள் டொமைன் முகவரியை எழுத வேண்டும். மூன்று டபிள்யூ இல்லாத முகவரி ஒரு வரி, முன்னால் நட்சத்திரக்குறி போட்டு எல்லா உட்பிரிவுக்குமாக ஒரு வரி, இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் பாதிப் பேருக்கு மேப் வரும், பாதிப் பேருக்கு வராது. காரணம் தேடி ஒரு நாள் போய்விடும். குறிப்பிட்ட ஒரு பக்கத்துக்கு மட்டும் என்று பாதையோடு எழுதாதீர்கள். இன்றைய பிரவுசர்கள் வேறு தளத்துக்கு அனுப்பும்போது டொமைனை மட்டுமே சொல்கின்றன, முழுப் பாதையைச் சொல்வதில்லை, அதனால் பொருந்தாமல் போகும். லோக்கல்ஹோஸ்டை, அதாவது அவரவர் சொந்தக் கணினியையே குறிக்கும் முகவரியை, இந்தக் கீயில் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் திருடியவனும் தன் லேப்டாப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஓட்டிக்கொள்ளலாம். அதற்குத்தான் சோதனைக் கீ தனியாக, மிகக் குறைந்த கோட்டாவோடு (இத்தனை அழைப்புதான் என்ற வரம்போடு). ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: வெப்சைட் பூட்டு முழுப் பூட்டு ஆகாது. எந்தத் தளத்திலிருந்து வருகிறோம் என்ற தகவலைப் பிரவுசர் இல்லாமல் ஒரு ஸ்கிரிப்ட் பொய்யாகவும் அனுப்ப முடியும். வேறொரு வெப்சைட்காரர் நம் கீயைத் தன் பக்கத்தில் போடுவதை அது தடுக்கும். முனைந்து வருகிறவனைத் தடுக்க அடுத்த இரண்டு பூட்டும் வேண்டும், அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்ட்ராய்டு கீயில் பேக்கேஜ் பெயரும் (ஆப்பின் தனிப்பெயர்) எஸ்ஹெச்ஏ-1 ஃபிங்கர்பிரின்ட்டும் (ஆப்பில் இட்ட டிஜிட்டல் கையெழுத்தின் அடையாளம்) கொடுக்க வேண்டும். இங்கே விழாதவர்கள் குறைவு. நாம் சோதிக்கும் டீபக் பில்டுக்கு ஒரு ஃபிங்கர்பிரின்ட், நாம் கையெழுத்திட்டு ஏற்றும் ரிலீஸ் பில்டுக்கு இன்னொன்று. பிளே ஸ்டோரில் போட்டதும் கூகுளே தன்னிடம் உள்ள சாவியால் மறுபடி கையெழுத்திட்டுத்தான் ஜனங்களுக்குக் கொடுக்கிறது, அது மூன்றாவது. நம் போனில் கேபிள் போட்டு ஓட்டினால் மேப் அழகாக வரும், ஸ்டோரிலிருந்து இறக்கிய டிரைவரின் போனில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் தெரியும். பிளே கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் ஃபிங்கர்பிரின்ட்டை எடுத்துக் கீயில் சேர்த்தால் சரியாகிவிடும். டீபக் ஃபிங்கர்பிரின்ட்டை சோதனைக்கென்று தனிக் கீ வைத்து அதில் போடுங்கள். ஆப்புக்குள் கீயை எப்படி ஒளித்தாலும், ஆப்பின் நிறுவல் ஃபைலான ஏபிகேயைப் பிரிக்கத் தெரிந்தவன் எடுத்துவிடுவான். எடுத்தாலும் அவனுக்குப் பயன்படாதபடி பூட்டுவதுதான் நம் கையில் இருக்கிறது.

சர்வர் கீதான் மூன்றில் ஆபத்தானது, பூட்டுவதும் அதைத்தான் இறுக்கமாகப் பூட்ட முடியும். தூரக் கணக்கு, முகவரியிலிருந்து அட்சரேகை எடுப்பது போன்ற வெப் சர்வீஸ்களுக்கு வெப்சைட் பூட்டு போட்ட கீயைக் கொடுத்தால் ஏற்காது, மறுத்துவிடும். ஐபி பூட்டுதான் போட வேண்டும். சர்வரின் உள்ளே வரும் ஐபியை எழுதாதீர்கள், வெளியே போகும் ஐபியை எழுதுங்கள். இரண்டும் எப்போதும் ஒன்றாக இருக்காது. சர்வரில் நுழைந்து, "என் ஐபி என்ன" என்று சொல்லும் தளத்தை அங்கிருந்தே கர்ல் கட்டளையால் கேட்டுப் பாருங்கள். எனக்கு நேர்ந்தது இது: பழைய வகையான ஐபிவி4 முகவரியை எழுதிவிட்டேன், சர்வரோ புதிய வகையான ஐபிவி6 வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சில அழைப்பு போகும், சில அழைப்பு மறுக்கப்படும். இரண்டு முகவரியையும் சேர்த்ததும் நின்றது. வீட்டு பிராட்பேண்ட் ஐபியைப் பட்டியலில் போட்டுச் சோதிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். மின்சாரம் போய் ரௌட்டர் எழுந்தால் வேறு ஐபி வந்துவிடும், பழைய ஐபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போயிருக்கும். மலிவான ஷேர்ட் ஹோஸ்டிங்கில் இருப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அந்த ஐபியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்ந்துகொள்ளும், ஆகவே பூட்டு பாதிதான். கொஞ்சம் கூடுதல் பணம் ஆனாலும் தனி ஐபி உள்ள சின்ன விபிஎஸ் (நமக்கென்று ஒதுக்கும் வாடகை சர்வர்) எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து என்ற பூட்டு முடிந்தால் எதற்கு என்ற பூட்டு. எந்த ஏபிஐகளை, அதாவது எந்தெந்தச் சேவைகளை, கூப்பிடலாம் என்று குறிக்காமல் விட்டால், அந்த ப்ராஜெக்டில் திறந்திருக்கும் எல்லாச் சேவைக்கும் அந்தக் கீ செல்லும். இன்றைக்குத் திறந்தவை மட்டுமில்லை, ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக ஒரு விலையுயர்ந்த சேவையைத் திறந்தால் அதற்கும் இந்தப் பழைய கீ செல்லும். என் சர்வர் கீக்கு இப்போது இரண்டே ஏபிஐ, டிரைவர் ஆப்புக்கு ஒன்றே ஒன்று. பூட்டியதும் ஏதாவது வேலை செய்யாவிட்டால் எரர் செய்தியை முழுதாகப் படியுங்கள், எந்தச் சேவை விடுபட்டது என்று பல நேரம் அதிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் "எல்லாவற்றையும் அனுமதி" என்று மாற்றிவிட்டால் திரும்ப யாரும் பூட்டுவதில்லை.

கோட்டாதான் பணத்துக்கு உண்மையான தடுப்பு. ஒரு நாளைக்கு எத்தனை, ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று ஒவ்வொரு ஏபிஐக்கும் நாமே குறைத்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு நாளுக்கு அறுநூறு போகிறது என்றால் இரண்டாயிரம் வைக்கிறேன். அன்றைக்கு இந்த இரண்டாயிரம் இருந்திருந்தால், கீ திருட்டுப் போயும் என் நஷ்டம் சில ஆயிரத்தோடு நின்றிருக்கும். தூரக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அங்கே அழைப்பை எண்ணிக் காசு வாங்குவதில்லை, புறப்படும் இடங்களைச் சேரும் இடங்களால் பெருக்கி எண்ணுகிறார்கள். 10 வயல், 25 சந்தை என்று ஒரே அழைப்பில் கேட்டால் 250 ஆகக் கணக்கு. நான் முதலில் எல்லா வயலுக்கும் எல்லாச் சந்தைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன். சாதாரண நாளிலேயே தேவையில்லாமல் பணம் போயிருக்கிறது.

கீயை எங்கே வைப்பது என்பதில் ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது, என்வ் ஃபைலில் (கீ போன்றவற்றைக் கோடுக்கு வெளியே எழுதி வைக்கும் ஃபைல்) வைத்தால் பத்திரம் என்று. சர்வரில் சரி. வெப்சைட் பக்கங்களைக் கட்டும் ரியாக்ட், வீட் போன்றவற்றில், என்வ் ஃபைலிலிருந்து பக்கத்தின் கோடு எடுத்துக்கொள்ளும் மதிப்பு, பில்ட் செய்ததும் பிரவுசருக்குப் போகும் ஜாவாஸ்கிரிப்டுக்குள் எழுத்து மாறாமல் உட்கார்ந்துவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேப் கீ என்றால் பூட்டு இருக்கிறது. பேமென்ட் கேட்வேயின் ரகசியக் கீ, எஸ்எம்எஸ் அனுப்பும் கீ இவையெல்லாம் பிரவுசர் பக்கமோ ஆப் பக்கமோ தலைகாட்டவே கூடாது. சர்வரிலும் என்வ் ஃபைலை வெப்சைட் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் முகவரியின் பின்னால் அந்த ஃபைல் பெயரைப் போட்டாலே இறங்கிவிடும், அதைத் தேடியும் பாட்கள் வரும். கிட் சேர்க்கக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் அந்தப் பெயரை முதல் கமிட்டுக்கு முன்பே சேர்த்துவிட வேண்டும், ஒரு முறை கமிட் ஆகிவிட்டால் பிறகு சேர்த்துப் பயனில்லை. கமிட் ஆகும் முன் கிட்லீக்ஸ் என்ற இலவசக் கருவி தானாகத் துழாவும்படி வைத்திருக்கிறேன். ரெப்போக்களை வைக்கும் தளமான கிட்ஹப்பும் 2024 முதல் பொது ரெப்போக்களில் ரகசியங்களைப் புஷ் செய்யும்போதே தடுக்கப் பார்க்கிறது. எல்லா வகைக் கீயையும் அது பிடித்துவிடாது. வாட்ஸ்அப்பில் கீயை அனுப்புவதை அடியோடு நிறுத்திவிட்டேன்.

பில் முடிந்து ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியை நேரில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கத்தான் முதலில் நினைத்தேன், ஞாயிற்றுக்கிழமை மேப் நின்றதற்குக் காரணம் கேட்டிருந்தார், பொய் சொல்ல வாய் வரவில்லை. தராசுக்குப் பக்கத்தில் நின்று தார் எண்ணிக்கொண்டே கேட்டார். "சரி, நடந்துபோச்சி. இனிமே கணக்க நம்ம மண்டி பேர்லயே தொடங்கிருவோம் தம்பி. பில்லு எங்கிட்ட வரட்டும், நான் பாத்துக்கிடுதேன்." ஆரம்பத்திலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் மேப் கணக்கையும் பேமென்ட் கணக்கையும் நம் கார்டில் திறக்காதீர்கள். அவர் பெயரில், அவர் கார்டில் திறந்து, நமக்கு வேலைக்கு வேண்டிய அனுமதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பில் மெயில் அவருக்கும் போகட்டும். எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது கோட்டா எவ்வளவு, அதை உயர்த்த யார் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது.

பழைய கீயை மாற்றும்போது வெட்டிவிட்டு ஒட்டாதீர்கள், ஒட்டிவிட்டு வெட்டுங்கள். புதுக் கீயைப் பூட்டி, சர்வரில் ஏற்றி, பழைய கீயின் வரைபடம் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆப் என்றால் பழைய பதிப்பை அப்டேட் செய்யாத டிரைவர் ஒருவராவது இருப்பார், எனக்கு அது 19 நாள் ஆனது. அதன் பிறகுதான் அழித்தேன். கூட வேலை செய்தவர் விலகினால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் பார்த்த கீகளை அந்த வாரமே மாற்றிவிடுகிறேன்.

கோட்டா வைத்ததில் ஒரு சங்கடமும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் கேரளாவில் சிப்ஸுக்கு ஏத்தன்காய் (நேந்திரங்காய்) இழுக்கும். மண்டியில் வழக்கத்தைப் போல மூன்று நான்கு மடங்கு சுமை. ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு இரண்டாயிரம் முடிந்து எல்லோருக்கும் வரம்பு தாண்டிவிட்டது என்ற 429 எரர் வந்துவிட்டது. நாள் கோட்டா நம் நள்ளிரவில் புதுப்பிக்கப்படாது, அமெரிக்கப் பசிபிக் நேரத்தின் நள்ளிரவில்தான் புதுப்பிக்கப்படும். நமக்கு அது கோடைக்கால நேரத்தில் மதியம் 12:30, மற்ற மாதங்களில் 1:30. அதுவரை காத்திருக்க முடியாமல் கன்சோலில் எண்ணாயிரமாக உயர்த்தினேன், சில நிமிடங்களில் வண்டிகளுக்கு வழி கிடைத்தது. இப்போது திருவோணத்துக்கு இருபது நாள் முன் உயர்த்தவும், திருவோணத்துக்கு மறுநாள் திரும்ப இரண்டாயிரத்துக்கு இறக்கவும் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இறக்கும் நாளுக்கு இரண்டு ரிமைண்டர், ஒன்று எனக்கு, ஒன்று அண்ணாச்சிக்கு.